ஓடச் சொல்லும் பெயர்

காலை ஏழு மணிக்கு விருதுநகர் ரயில் நிலைய நடைமேடையில் நின்றுகொண்டிருந்தேன். சென்னையிலிருந்து வரும் ரயில் அரை மணி தாமதம் என்று அறிவித்தார்கள். தமிழில் வருத்தம் தெரிவித்தார்கள், இந்தியில் வருத்தம் தெரிவித்தார்கள், ஆங்கிலத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார்கள். மூன்று வருத்தத்துக்கும் சேர்த்து ரயில் ஒரே நேரத்துக்குத்தான் வந்தது.

இறங்கியவர்களில் நிரஞ்சனைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அதை வழியெல்லாம் பையில் வைத்திருந்து, கடைசி நிலையத்துக்கு முன்னால் மாற்றியிருக்க வேண்டும். முப்பது வயது இருக்கும். ஒடிசாவில் பலாங்கீர் பக்கத்துக் கிராமம். நான் ஒடியாவில் பேசியதும் முகம் கொஞ்சம் இளகியது. "மௌசா" என்று கூப்பிட்டார். சித்தப்பா முறை வைத்துக் கூப்பிடுவது அது. நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் புவனேஸ்வரத்தில் இருபத்திரண்டு வருடம் கோப்புகளைப் பார்த்தவன். ஓய்வு பெற்று மதுரைக்கு வந்த பிறகு அந்த மொழியை உபயோகிக்க ஆளில்லாமல் இருந்தது.

இந்தப் பயணத்துக்கு என்னை அழைத்தவர் எஸ்தர் டீச்சர். என் தங்கையுடன் படித்தவர். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தாயில்பட்டியில் வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறார். தொலைபேசியில் அவர் சொன்ன விஷயம் இது. அங்கே ஒரு பட்டாசு ஆலையில் சில மாதங்களுக்கு முன் நடந்த விபத்தில் நிரஞ்சனின் தம்பி பூர்ணா இறந்துபோனான். அதற்குப் பிறகு, ஆலையில் ஆபத்து என்றால் பெண்கள் அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். கேட்டவர்கள் எல்லாரும் ஓடுகிறார்கள். வீட்டாரைக் கேட்காமல் ஒருவன் பெயரை எடுத்துக்கொண்டது சரியில்லை என்று அவன் வேலை செய்த அறைக்குப் பொறுப்பான செல்லத்தாயி என்ற பெண்மணிக்குப் பட்டிருக்கிறது. நேரில் வைத்து அனுமதி கேட்க வேண்டும், அதற்கு மொழி தெரிந்தவர் வேண்டும்.

"அனுமதி எந்தப் படிவத்தில் வேண்டும்?" என்று கேட்டேன்.

"படிவம் இல்லாததாலதான் சார் உங்களக் கூப்பிடுறேன்" என்றார் டீச்சர்.

விபத்து சம்பந்தமாக மேல் அலுவலகங்களில் நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்திருந்தது. அதனால் சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போக வேண்டிய வேலை இல்லை. என்னை எந்த நடைமுறையும் இல்லாத ஒரு காரியத்துக்கு யாராவது கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நிலையத்துக்கு எதிரே இட்லி சாப்பிட்டோம். சாப்பிட்டேன் என்பதே சரி. நிரஞ்சன் பையிலிருந்து பொரியை எடுத்து, தண்ணீர் தெளித்து, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு தின்றார். எட்டரை மணிக்குச் சிவகாசிப் பேருந்து. இருபத்தைந்து கிலோமீட்டர்தான். திருத்தங்கல் தாண்டியதும் சாலையோரமெல்லாம் பட்டாசுக் கடைகளின் பலகைகள் தொடங்குகின்றன. சிவகாசியில் இறங்கி நடந்தபோது ஓர் அச்சகத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே அடுத்த வருடத்தின் நாட்காட்டிகள் அடுக்கடுக்காக மை காய்ந்துகொண்டிருந்தன. இன்னும் வராத நாட்களுக்கு நல்ல நேரமும் கெட்ட நேரமும் அச்சாகி முடிந்துவிட்டன. நிரஞ்சன் ஒரு நொடி நின்று பார்த்தார்.

தாயில்பட்டிக்கு ஒரு பழைய ஆம்னி வேன் பேசினேன். போக ஐந்நூறு ரூபாய். ஓட்டுநர் கருப்பசாமி வாய் ஓயாத மனிதர்.

"போன வாரம் இதே ரோட்டுல ரேடியேட்டர் குருவம்மா சார். அம்புட்டுத் தண்ணியும் போயிட்டு. மாமனார் வீட்டு விசேசத்துக்குப் போயிக்கிட்டிருக்கேன். போயிப் பாத்தா அங்கன ஒரே சண்டை. மச்சினன் அருவாள எடுத்துட்டான். நான் குருவம்மா!"

"குருவம்மான்னா யாரு?"

"யாருமில்ல சார். அப்படி ஒரு பேச்சு."

"ஆள் பேர்தானே?"

அவர் யோசித்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஆளா? இருந்திருக்கும். எந்தக் காலத்துலயோ. எங்க ஊருல யாருக்கும் அந்தப் பேரு கெடையாது சார், வைக்க மாட்டாக. ஏன்னு நானும் கேட்டதில்ல."

வெம்பக்கோட்டைப் பக்கம் நிலம் கருப்பாக, தட்டையாக, சீமைக் கருவேலம் தவிர வேறு நிழல் இல்லாமல் கிடக்கிறது. அந்த வெளியில் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் சின்னச் சின்ன வெள்ளை அறைகள். ஓர் அறை போனால் அடுத்த அறை பிழைக்க வேண்டும் என்பதற்காக அந்த இடைவெளி. நானும் விதிகளை மதித்தே வாழ்ந்தவன். ஆனால் ஒரு விதியை இப்படி மைதானம் மைதானமாக, கண்ணுக்கெட்டிய வரை விரித்து வைத்து நான் பார்த்ததில்லை.

எஸ்தர் டீச்சர் ஆலை வாசலில் குடையோடு நின்றிருந்தார். குருவம்மாவைப் பற்றி அவரிடம் கேட்டேன்.

"அதுதான் சார் இங்க பழைய கூப்பாடு. வெடிமருந்து அறையில கொஞ்சம் வித்தியாசமாத் தெரிஞ்சாலும் 'குருவம்மா'ன்னு கத்துவாங்க. எல்லாரும் ஓடிடுவாங்க. அப்புறம் அது ஊருக்குள்ள வந்து, பால் பொங்குனாலும் குருவம்மா, பரீட்சையில பெயிலானாலும் குருவம்மா. பிள்ளைங்க ஓடிப் பிடிச்சு விளையாடுறதும் அதைச் சொல்லித்தான். யார்னு யாருக்கும் தெரியல. நான் இந்த ஊருக்கு வந்து எட்டு வருசம் ஆச்சு. கேட்டுப் பாத்துட்டேன்."

வாசலில் தமிழிலும் இந்தியிலும் பெரிய அறிவிப்புப் பலகை இருந்தது. கைபேசி கூடாது, உலோகம் கூடாது, செருப்பு கூடாது, ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படங்களும் போட்டிருந்தார்கள். இந்தியில் ஒரு பிழையாவது இருக்கும் என்று இரண்டு தடவை படித்தேன். இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

வேலிக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் உட்காரச் சொன்னார்கள். உள்ளே நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள் என்றார்கள். ஒரு சத்தம் இல்லை. பாத்திரம் உரசுகிற ஓசை, செருப்புச் சத்தம், பாட்டு, திட்டு எதுவுமில்லை. சில சமயம் ஓர் அறையின் கதவில் ஓர் உருவம் தோன்றி, வெறுங்காலோடு அடுத்த அறைக்கு நடந்து மறையும். எந்த அறையும் ஒரே ஒரு கதவோடு இல்லை. எல்லாப் பக்கமும் கதவுகள், எல்லாம் திறந்தே இருந்தன. வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் காலையில் உட்காரும்போதே எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்துக்கொண்டுதான் உட்காருகிறார்கள் போலும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்லத்தாயி வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. அலுமினியப் பொடி முழங்கை வரை ஏறி, இரண்டு கைகளும் வெள்ளியில் வார்த்தவை மாதிரி இருந்தன. நிரஞ்சனைப் பார்த்ததும் தள்ளியே நின்றுகொண்டார்.

"வாங்க தம்பி. சாப்பிட்டீகளா?"

மொழிபெயர்த்தேன். நிரஞ்சன் கை கூப்பினார்.

"சார், அவருட்டச் சொல்லுங்க. அவுக தம்பி பேர நாங்க எடுத்துப் பொளங்குறோம். கேக்காம எடுத்துட்டோம். இனிமே எடுக்கலாமா, வேண்டாமான்னு அவுக சொல்லணும்."

எனக்குள்ளிருந்த அலுவலர் விழித்துக்கொண்டார். "எதற்குப் பெயர்? ஒரு விசில் கொடுக்கலாமே?"

"குடுத்தாக சார். டீக்கு ஊதுனாக, சாப்பாட்டுக்கு ஊதுனாக, வேன் வந்துட்டுன்னு ஊதுனாக. இப்ப விசில் ஊதுனா எல்லாரும் டம்ளரத் தூக்கிட்டு வாராக."

"மணி?"

"இரும்பு மேல இரும்பா? நல்லா இருக்கே."

"சரி, நெருப்பு என்றே கத்தலாமே?"

டீச்சர் என் கையைத் தொட்டார். சோற்றுத் தூக்கோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் எழுந்து தூரமாகப் போய் உட்கார்ந்தார்கள். செல்லத்தாயி மட்டும் நிதானமாக என்னைப் பார்த்தார்.

"அந்தச் சொல்ல இங்கன சொல்றதில்ல சார். பேரச் சொல்லிக் கூப்பிட்டா வரும்ல? அதான், வர முடியாதவுக பேராப் பாத்துக் கூப்பிடுறது."

இதை ஒடியாவில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சொற்கள் எல்லாம் எளிய சொற்கள். வாயைவிட்டு வெளியே வரத்தான் தயங்கின. நிரஞ்சன் கேட்டுவிட்டு, அன்றைக்கு என்ன நடந்தது, தம்பியை யாராவது கூப்பிட்டார்களா என்று விசாரித்தார். ஊரில் அம்மா அதை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம்.

"கூப்பிட்டேன்" என்றார் செல்லத்தாயி. "நான்தான் கூப்பிட்டேன். தட்டுல இருந்த மருந்து பொகையிறாப்ல தெரிஞ்சுச்சு. 'குருவம்மா'ன்னு கத்துனேன். நாங்க எல்லாரும் ஓடிட்டோம். அந்தப் புள்ள ஓடல. யாரோ ஒரு பொம்பளையக் கூப்பிடுறேன்னு நெனச்சு, யாரு வாரான்னு வாசப்பக்கம் திரும்பிப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. சிரிச்ச முகம் அதுக்கு. அப்புறந்தான் 'பூர்ணா'ன்னு கத்துனேன். என்னையப் பாத்துச்சு. அம்புட்டுதான்."

"அவனுக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுக்கவில்லையா?" கேட்டது நான். நிரஞ்சன் அல்ல.

"எல்லாம் சொல்லிக் குடுத்தோம் சார். போனு, பீடி, கொலுசு, எந்தக் கதவுல ஓடணும், எல்லாம். இத மட்டும் சொல்லிக் குடுக்கணும்னு யாருக்கும் தோணல. பொறந்ததுலருந்து தெரிஞ்ச சொல்லு. இதத் தெரியாத ஆளு இருக்கும்னு எப்படித் தோணும்?"

பிறகு ஒரு நாள் ஒரு பெண்ணின் கையிலிருந்து தட்டு நழுவியபோது, அவள் வாயில் வந்தது பூர்ணாவின் பெயர். தமிழ் ஆட்கள், ஒடிசா ஆட்கள் எல்லாருமே ஓடினார்கள். அன்றிலிருந்து அதுவே கூப்பாடு. செல்லத்தாயி இதைச் சொல்லி முடித்துக் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"குருவம்மா வீட்டாரிடம் யாராவது அனுமதி கேட்டார்களா?" என்றேன்.

"யாரும் கேக்கல" என்றார் வெடுக்கென்று. சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. உள்ளே போய்விட்டார்.

எடுக்கலாமா, வேண்டாமா என்பது இன்னும் பாக்கியிருந்தது. மரத்தடியில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணி இருக்கும்.

"பூர்ணா!"

உள்ளே எங்கோ ஒரு பெண் குரல், ஒரே ஒரு தடவை. அதன்பின் அந்த வெள்ளை அறைகளின் எல்லாக் கதவுகளிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். யாரும் கத்தவில்லை. வெள்ளிக் கைகளை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலால் ஓசையில்லாமல் எங்களை நோக்கி ஓடி வந்தார்கள். காவலாளியும் ஓடினார். டீச்சர் குடையைப் போட்டுவிட்டு எழுந்தார். நான் எழுந்தபோது என் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

நிரஞ்சன் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தார். வேகமாகக்கூட இல்லை. தெருவில் யாரோ கூப்பிட்டதைக் கேட்டுத் திரும்பி நடக்கிற மனிதனைப் போல, ஓடி வருகிற கூட்டத்தை விலக்கிக்கொண்டு, குரல் வந்த அறையை நோக்கி நடந்தார். நான் ஒடியாவில் கத்தினேன். கேட்கவில்லை. கூட்டத்திலிருந்து பிரிந்து வந்த செல்லத்தாயிதான் அவரை மறித்தார். நெஞ்சில் ஒரு கையை வைத்துத் தள்ளி, சட்டையைப் பற்றி, வாசல் வரை இழுத்து வந்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. வெடிகளைக் காயப் போட்ட இடத்தில் சுழன்று எழுந்த புழுதியைப் புதிதாக வந்த பெண் புகை என்று நினைத்துவிட்டாள். அரை மணியில் எல்லாரும் உள்ளே திரும்பிப் போனார்கள். நிரஞ்சனின் வெள்ளைச் சட்டையில், நெஞ்சுக்கு நேரே, ஐந்து விரலும் விரித்த ஒரு வெள்ளிக் கை பதிந்திருந்தது. தட்டினாலும் போகவில்லை.

அவர் அப்போதுதான் பேசினார். நான் வரிவரியாகச் சொல்ல, செல்லத்தாயி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"அந்தப் பெயர் வேண்டாம். என் தம்பியைக் கூப்பிட்டார்கள், நான் போனேன். ஓட வேண்டும் என்று எனக்குத் தெரியும், நீங்கள் எல்லாம் சொல்லியிருந்தீர்கள். ஆனாலும் போனேன். இங்கே எங்கள் ஊர் இளைஞர்கள் ஏழு பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் இப்போது முதலில் அந்த அறைப் பக்கம் திரும்பிவிட்டுத்தான் ஓடினார்கள். நான் பார்த்தேன். அவர்களுக்கு அது இன்னும் ஆள். என்றைக்காவது ஒருவன் உள்ளே போய்விடுவான்."

"நானும் பாத்தேன்" என்றார் செல்லத்தாயி. உள்ளே அறைகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்ப பழைய பேரே இருக்கட்டும். அதுகளுக்குச் சொல்லிக் குடுத்துருவோம்" என்றார்.

"நானே சொல்லிக் கொடுக்கிறேன்" என்றார் நிரஞ்சன்.

மாலை ஐந்தரை மணிக்கு, ஊருக்கு வெளியே அந்த இளைஞர்கள் தங்கியிருக்கிற ஓட்டுக் கட்டடத்தின் பின்னால், தரிசு நிலத்தில் அது நடந்தது. நிரஞ்சன் ஏழு பேரையும் தன் முன்னால் உட்கார வைத்தார். மடியில் தட்டு இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். அக்கம்பக்கத்து அறைகளிலிருந்து வேறு பத்துப் பேரும் வந்து உட்கார்ந்தார்கள். வேலை முடிந்து வந்த கையோடு செல்லத்தாயியும் வந்து என் பக்கத்தில் நின்றார்.

"குருவம்மா!" என்று நிரஞ்சன் கத்தினார்.

முதல் தடவை பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இரண்டாம் தடவை பாதிப் பேர் எழுந்தார்கள். நாலைந்து தடவைக்குப் பிறகு யாரும் யோசிக்கவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கருவேல மரங்களுக்கு நடுவே பதினேழு ஆண்கள், எப்போதும் பார்த்திராத ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டு, திரும்பிப் பார்க்காமல் நாலா பக்கமும் ஓடினார்கள். அந்தத் தரிசில் நிரஞ்சன் மட்டும் தனியாக நின்று, காலி இடத்தைப் பார்த்து மறுபடியும் அவளைக் கூப்பிட்டார்.

ஏதோ சொல்லச் செல்லத்தாயி பக்கம் திரும்பினேன். அவர் அங்கே இல்லை. அவருடைய ஒற்றைச் செருப்பு மட்டும் என் பக்கத்தில் கிடந்தது. அவர் முன்னால் போயிருந்தார், நிரஞ்சன் நின்ற பக்கமாக. பாதி வழியில் நின்று, தான் நிற்கிற இடத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்பி வந்து செருப்பில் காலை நுழைத்தார்.

நான் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கம்மா சார்" என்றார், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே. "இங்கன வெடியில போனப்ப எனக்கு ஏழு வயசு. சாத்தூருக்கு அத்தை வீட்டுக்குக் கொண்டு போயிட்டாக. திரும்ப இங்கன வாக்கப்பட்டு வாரேன், தெருவுல புள்ளைக அந்தப் பேரச் சொல்லி ஓடிக்கிட்டிருக்கு. மொத நாளு அடுப்படியிலருந்து வாசலுக்கே ஓடி வந்துட்டேன். 'என்ன தாயி, யாரத் தேடுத'ன்னு கேட்டாக. என்ன சொல்ல? யாரையுமில்லன்னேன்."

"அன்றைக்கு நீங்கள்தானே அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினீர்கள்?"

"நான் கத்துனா ஒண்ணுமில்ல. அடுத்தவுக கூப்பிட்டாத்தான். இம்புட்டு வருசத்துல காது பழகிட்டு. காலு பழகல."

நிரஞ்சன் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். செல்லத்தாயி குரலைத் தாழ்த்தினார். "இத அவருட்டச் சொல்லிராதீக. தெரிஞ்சா இதுவும் வேண்டாம்னுருவாரு. அப்புறம் இதுகளுக்கு ஒண்ணும் இருக்காது."

கருப்பசாமியின் வேனிலேயே விருதுநகர் திரும்பினோம். அவர் வழியில் இரண்டு தடவை குருவம்மாவைச் சொன்னார். ஒரு தடவை வியாபாரத்தைப் பற்றி, ஒரு தடவை அரசியலைப் பற்றி. நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சென்னை ரயிலுக்கு அரை மணி இருந்தது. நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து நிரஞ்சன் கேட்டார்: "மௌசா, அந்த குருவம்மா யார்? அம்மா கேட்பாள். பூர்ணாவுக்கு விளக்கு ஏற்றும்போது அவளுக்கும் ஒன்று ஏற்றச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்."

மொழிபெயர்ப்பு எங்கள் அலுவலகத்தில் மூன்று பிரதிகளில் நடக்கும். தெரிந்த தகவலை மறைத்தால் எந்தப் பிரிவின் கீழ் விளக்கம் கேட்பார்கள் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். நானே பலரிடம் கேட்டிருக்கிறேன்.

"அது ஆள் பெயர் இல்லை" என்றேன். "இந்தப் பக்கத்துச் சொல். 'ஓடு' என்று அர்த்தம்."

அவர் தலையாட்டினார். கைபேசியை எடுத்து, வேறு ஆலைகளில் வேலை செய்கிற தன் ஊர்க்காரர்களுக்குக் குரல் செய்தி அனுப்பினார். "குருவம்மா என்றால் ஓடு. யார் கத்தினாலும் சரி. யார் என்று பார்க்காதே. ஓடு." இரண்டு தடவை சொன்னார். ரயில் வந்தது. சட்டையிலிருந்த வெள்ளிக் கையோடு ஏறிக்கொண்டார்.

மதுரையில் என் தெருவில் தீப்பிடித்தால் தீ என்றே கத்துவோம். மக்கள் வேடிக்கை பார்க்க ஓடி வருவார்கள். மதுரைப் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு 'குருவம்மா' என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. முன் இருக்கையில் ஒரு பெண்மணி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் எந்த ஊரோ, எனக்குத் தெரியாது.